மலட்டு மரமா?

பிடோக்கில் நான் அறையெடுத்துத் தங்கியிருக்கும் புளோக்கின் கீழே ஒரு சமூகத் தோட்டம் உண்டு. 2005-இல் தேசியப் பூங்காக் கழகம் தொடங்கிய திட்டத்தின்வழி தீவெங்கும் முளைத்த தோட்டங்களுள் ஒன்று. அங்கே ஒரு சீத்தா மரம். பூக்கும், காய்க்காது. "மலட்டு மரம் தம்பி, வெட்டிடப் போறோம்" என்றார் தோட்டத்தைக் கவனிக்கும் பெரியவர். அந்தச் சொல்லை என் சின்னம்மாவின் முதுகுக்குப் பின்னால் கேட்டு வளர்ந்தவன் நான். மரத்தின்மேல்கூட அது ஒட்டுவதைப் பொறுக்க முடியவில்லை.

சீத்தாப் பூவில் ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு. ஒரே வீட்டில் இருந்தும் சந்திப்பதில்லை! பூ இலேசாக வாய் திறக்கும்போது நடுவிலுள்ள சூல்முடிகள் ஈரப்பசையோடு காத்திருக்கும். மகரந்தப் பைகளோ இன்னும் வெடித்திருக்கமாட்டா. பிறகு இதழ்கள் நன்றாக விரிந்து மகரந்தம் உதிரும் வேளையில் சூல்முடிகள் காய்ந்துவிடும். தன் மகரந்தம் தன்னையே சேராதிருக்க இயற்கை செய்த ஏற்பாடு இது. விரிந்த பூவிலிருந்து, வாய் திறக்கும் வேறொரு பூவுக்கு மகரந்தத்தைச் சுமக்கச் சிறு வண்டுகள் வேண்டும். வண்டு வராவிட்டால் காய் ஏது? நெட்டைத் தென்னையில் கதை தலைகீழ். ஒரே பாளையில் ஆண் பூக்கள் முதலில் மலர்ந்து உதிர, பெண் பூக்கள் பிறகுதான் பக்குவமடையும்.

இதையெல்லாம் பெரியவரிடம் எப்படிச் சொல்வது? மகரந்தச் சேர்க்கையைத் தமிழ்ப்பள்ளியில் தமிழில் படித்தேன். இடைநிலைப்பள்ளியில் மலாயில் படித்தேன். இந்தக் காலக்கணக்கை மட்டும் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்தில்தான் அறிந்தேன். தேடியபோது தமிழ்நாட்டுப் பாடநூலில் கிடைத்தது: 'இருகால முதிர்வு'. தென்னை 'ஆண் முன் முதிர்வு', சீத்தா 'பெண் முன் முதிர்வு'. எவ்வளவு தெளிவான சொற்கள்! ஆங்கிலச் சொல்லை நான் மனப்பாடம் செய்ய வேண்டியிருந்தது. இதற்கு அந்த வேலையே இல்லை.

"ஓ, பொண்ணு ரெடியா இருக்கிறப்ப மாப்பிள்ளை வரலயா?" என்று சிரித்தார் பெரியவர். பேத்தியின் வண்ணத் தூரிகையைக் கொண்டுவந்தார். விரிந்த பூக்களின் மகரந்தத்தைக் கிண்ணத்தில் தட்டி, வாய் திறந்த பூக்களுக்குள் தடவினோம்.

நான்கு காய் பிடித்தன. ஒன்று கோணல். சீத்தாவின் ஒவ்வொரு கண்ணும் ஒரு தனிச் சூலகம். மகரந்தம் எட்டாத பக்கம் பருக்காது. இன்னொன்றை அணில் முந்திக்கொண்டது.

வெட்டும் பேச்சு நின்றுவிட்டது. பக்கத்துப் பாத்தியைப் பார்த்துக்கொள்ளும் மலாய்க்கார மக்சிக்கும் பெரியவர் விளக்க வேண்டுமாம். "மலாய்ல என்ன சொல்லுவாங்க தம்பி?" என்று கேட்டிருக்கிறார். தேடிக்கொண்டிருக்கிறேன்.