ரதிக்காக அழுகிறவர்கள்

மேல்நாடுகளில் பழைய போர்களை மறுபடி நடித்துக் காட்டுவது பலருக்குப் பிரியமான பொழுதுபோக்கு. கிறிஸ்தவத்துக்கு முந்திய தெய்வங்களைத் தேடிக் கும்பிடுவோரும் அங்கே இருக்கிறார்கள். அவர்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு, பழைய கதையை நடிப்பதும் தெய்வத்தைக் கும்பிடுவதும் ஒன்றாகவே நடக்கும், இலங்கை மலையகத்தில் எங்கள் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களின் மாசி மாதம் கண்ணில் வந்து நிற்கும்.

மாசி அமாவாசை கழிந்ததும் காமன் கூத்துக்காகக் காமன் கம்பம் ஊன்றுவார்கள். அதன் பிறகு இரவுகளில் தப்புச் சத்தம் ஓயாது. ரதியும் மன்மதனும் தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாக ஆடி வருவார்கள். தோட்டம் முழுவதுமே மேடை. சிவன், நந்தி, வீரபத்திரன், எமன் எல்லோரும் பகலில் மலையில் வேலை செய்தவர்கள்தாம். ரதி வேடத்தை ஆண்தான் கட்டுவார், பெரும்பாலும் நேர்த்திக்கடனாக, விரதம் இருந்து. கடைசி இரவில் சிவனின் நெற்றிக்கண்ணில் மன்மதன் எரிய, ரதி ஒப்பாரி வைப்பாள். சுற்றி நிற்கும் பெண்களும் சேர்ந்து அழுவார்கள்.

அந்த அழுகை மன்மதனோடு நின்றுவிடுவதாக எனக்குத் தோன்றவில்லை. கோப்பிக் காலத்தில் தோட்ட வேலைக்காகத் தமிழகத்திலிருந்து வந்து தலைமன்னாரில் இறங்கிய எங்கள் முன்னோர் சனம், காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தது. காலராவிலும் காய்ச்சலிலும் விழுந்தவர்களுக்கு ஒப்பாரி வைக்கக்கூட நிற்க முடியவில்லை. பெயரும் எழுதப்படாமல் போன அவர்களுக்கான அழுகையும் ரதியின் குரலில் கலந்திருக்கிறது என்றே நம்புகிறேன்.

2023இல், மலையக மக்கள் வந்து 200 ஆண்டு ஆனதன் நினைவாக, ஜூலை கடைசியில் தலைமன்னாரில் புறப்பட்டவர்கள் அதே வழியில் நடந்து ஆகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையை அடைந்தார்கள். காணியும் சம உரிமையும் கேட்டு நடந்த நடை அது. முன்னோரின் பாதையில் கால் வைத்தபடி இன்றைய நியாயத்தைக் கேட்டார்கள். எரிந்தவனின் உயிரைச் சிவனிடம் மன்றாடிக் கேட்கும் ரதியும் அதைத்தான் செய்கிறாள்.

எங்கள் சாமிகளும் இந்த வாழ்க்கையில் பிறந்தவைதாம். தேயிலைச் செடியை வெட்டும் கத்தி கையைப் பதம் பார்க்காதிருக்கக் கவ்வாத்துச் சாமி. ஸ்டோர் எனும் தேயிலைத் தொழிற்சாலையின் இயந்திரத்தில் ஆள் சிக்காதிருக்க ரோதை முனி. எந்தப் புராணத்திலும் இவர்கள் இல்லை. உழைத்தவர்களின் பயத்தையும் அவர்கள் உடல் பட்ட ஆபத்தையும் சாமிகளாக நிற்கும் இந்தக் கற்கள் சொல்கின்றன. சிறுதெய்வம் என்று ஒதுக்கிவிட்டுக் கோபுரம் எழுப்பும்போது, நம் கையால் எழுதிய ஒரே சரித்திரத்தை அழித்துவிடுகிறோம்.

காமன் கூத்தைக் கலைவிழா மேடைக்காக அரைமணி நேரமாக நறுக்குவதும் எனக்கு வலிக்கிறது. விடிய விடிய ஆடினால்தான் துக்கம் முழுதாக இறங்கும். கொழும்புக்கு வேலைக்குப் போன பிள்ளைகள் மாசியில் ஊருக்கு வரவேண்டும். வந்தவர்களிடம் பெரியவர்கள் தப்பையும் கூத்தின் கதையையும் சேர்த்தே கொடுக்கவேண்டும். யாருக்காக அழுகிறோம் என்று தெரிந்த பிள்ளைக்கு, எதற்காகக் கேட்கவேண்டும் என்பதும் தெரியும்.