ஒப்புகை

எங்கள் கல்லூரியின் கணினிகளைப் பராமரிக்கும் நண்பர், வழங்கிகளைக் கண்காணிக்க நாகியோஸ் என்னும் மென்பொருளை வைத்திருக்கிறார். ஏதேனும் ஒரு வழங்கி நின்றுபோனால் அவரது கைப்பேசிக்கு எச்சரிக்கைகள் வந்தவண்ணம் இருக்கும். அவர் ஒப்புகை இட்டதும் அடங்கிவிடும். பழுது நீங்கிவிட்டதென்று அதற்குப் பொருளன்று. ஒருவர் பொறுப்பேற்றுக்கொண்டார் என்பதே பொருள்.

ஒருநாள் இரவு மின்சாரம் போய்க் கண்காணிப்புக் கணினியே அணைந்துவிட்டது. மறுபடி இயங்கத் தொடங்கியதும், ஒப்புகை இட்டிருந்த பழைய எச்சரிக்கை திரும்பவும் வந்தது. காரணம் கேட்டேன். நிலைத்தகவலைப் பேணும்படி அமைத்திருந்தால், முறையாக நிறுத்தும்போது யாவற்றையும் ஒரு கோப்பில் எழுதிவைத்துவிடுமாம். இடையில் அறுபது நிமிடங்களுக்கு ஒருமுறைதான் எழுதுமாம். கடைசியாக எழுதியதற்குப் பின் இட்ட ஒப்புகை, திடீரென்று அணைந்தால் போயிற்று. "இப்போது ஐந்து நிமிடமாகக் குறைத்துவிட்டேன் சார்" என்றார்.

எனக்கு அந்த மாணவியின் நினைவு வந்தது. நான் துறைத்தலைவராகப் பொறுப்பேற்ற முதல் வாரம், தேர்வுக் கட்டணத்துக்கு அவகாசம் கேட்டு வந்தாள். முந்தைய தலைவர் "பார்த்துக்கொள்கிறேன்மா" என்று சொல்லியிருந்தாராம். எழுத்தில் எதுவும் இல்லை. "என்ன விஷயம்?" என்று நான் கேட்க, தந்தை இறந்ததிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி சொல்ல வேண்டியதாயிற்று அவளுக்கு. பாதியில் குரல் உடைந்துவிட்டது.

இப்போது என் மேசைமேல் ஒரு நீளக் குறிப்பேடு இருக்கிறது. வந்தவர் எழுந்து போகுமுன் அவர் கண்முன்பே எழுதிவிடுகிறேன்.