நின்ற கன்றும் நோய்க் கன்றும்

தம்பி, வாழைக் கன்றுகளைப் பிடுங்கிவிடாதே. மண்வெட்டியைக் கொட்டகையில் சாத்திவிட்டு இதை முழுசாகப் படி.

நீ போன் பண்ணினபோது மெட்ராஸ் கல்மண்டபம் மார்க்கெட்டில் சங்கரா மீனுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். அந்த இரைச்சலில் "எல்லாம் போச்சு சின்னத் தாத்தா" என்பது மட்டும்தான் ஒழுங்காகக் காதில் விழுந்தது. வீட்டுக்கு வந்து நீ அனுப்பிய படங்களைப் பெரிசு பண்ணிப் பார்த்தேன். ஒன்றும் போகவில்லை. அநேகமாக, அதாவது.

படத்தில் இருப்பது குளிரில் நின்றுபோன கன்று. சமவெளி நாற்றங்காலில் நிழல்வலைக்கு அடியில் வெதுவெதுப்பாக வளர்ந்த திசு வளர்ப்புக் கன்றைக் கார்த்திகையில் மலைமேல் பண்ணைக்காட்டுக்கு ஏற்றிக்கொண்டுபோய் நட்டிருக்கிறாய். நம் மலையில் சித்திரை, வைகாசியில்தான் நடுவது. உன் தாத்தாவைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். நாற்றங்கால்காரர் தள்ளுபடி கொடுத்தார் என்று அவசரப்பட்டாய். சரி, நட்டாகிவிட்டது.

வாழைக்கு 27 டிகிரி சுற்றுவட்டாரம்தான் கொண்டாட்டம். அப்போது வாரம், பத்து நாளைக்கு ஒரு இலை விரிக்கும். 16-க்குக் கீழே போனால் சுணங்கும். 14 வாக்கில் வளர்ச்சி நின்றேவிடும். தை, மாசி ராத்திரியில் அங்கே பத்து, பன்னிரண்டு என்று இறங்குவதாக நீயே சொல்கிறாய். பகலில் நல்ல வெயில் அடிக்கிறதே என்கிறாய். அடிக்கிறது, இலைமேல். வேர் இருக்கிற மண் ராத்திரிக் குளிரை உச்சிப்பொழுது வரைக்கும் விடாது. இலை தண்ணீர் கேட்கும், வேரால் எடுத்துக் கொடுக்க முடியாது. ஓரம் கருகுவதும் மஞ்சள் பூப்பதும், குருத்து சுருட்டியபடியே கழுத்தில் சிக்கி நிற்பதும் அதனால்தான்.

இதைப் பார்த்துவிட்டு நீ தண்ணீர் விட்டாய். கேட்கவில்லை என்று மறுபடியும் விட்டாய். அப்புறம் யூரியா. பாசத்தில் செய்ததுதான், தெரிகிறது. ஆனால் உறிஞ்சத் தெம்பில்லாத வேரைச் சுற்றித் தேங்கும் தண்ணீர் கிழங்கை அழுகவைக்கும். யூரியா அந்த ஈரத்தில் கரைந்து, இருக்கிற நாலு வேரையும் சுடும். என் கணக்கில் குளிரால் செத்த கன்று கொஞ்சம். குளிர்காலத்துக் கவனிப்பால் செத்த கன்றுதான் நிறைய.

முதலில் உயிர் எங்கே இருக்கிறது என்று பார். தண்டின் அடியைக் கட்டைவிரலால் அழுத்து. கெட்டியாக இருந்தால் அதைத் தொடாதே. கொழகொழவென்று அமுங்கினால், கூரான கத்தியை எடுத்து மேலிருந்து விரற்கடை விரற்கடையாகக் குறுக்கே சீவிக்கொண்டு வா. நடுப்பகுதி பழுப்பாக, புளித்த வாடை அடித்தால் இன்னும் கீழே இறங்கு. வெள்ளையாக, ஈரமாக, நறுக்கென்று வெட்டுப்பட்டால் அந்த இடத்தில் நிறுத்து. வெயில் நாளாக இருந்தால் மறுநாளே தெரியும்: சுற்றியுள்ள மட்டையெல்லாம் வெட்டின மட்டத்திலேயே இருக்க, நடுக்குருத்து மட்டும் வெட்டுவாயைத் தாண்டி எழும்பியிருக்கும். அது எழும்பினால் கிழங்கு உயிரோடு இருக்கிறது. எழும்பாவிட்டாலும் பங்குனி வரைக்கும் விட்டுவை, பக்கக் கன்று வெடிக்கலாம்.

மற்றபடி செய்ய வேண்டியது கொஞ்சம்தான். தூரைச் சுற்றி நீ கனமாகப் போட்டிருக்கும் சருகை ஒரு முழம் விலக்கு. வெயில் மண்ணில் படட்டும். கோடையில்தான் மூடாக்கு நல்லது, இப்போது அது குளிரைப் பொத்தி வைக்கிறது. நிழல் கட்டும் சில்வர் ஓக் மரக் கிளைகளைக் கொஞ்சம் கழித்து விடு. விரலை விட்டுப் பார்த்து உள்ளே காய்ந்திருந்தால் மட்டும், வெயில் ஏறினபிறகு, தொட்டியில் சூடேறின தண்ணீரை அளவாக விடு. பாதி மஞ்சளான இலையை அறுக்காதே. மீதிப் பச்சையில்தான் அது சமைத்துச் சாப்பிடுகிறது. மகாராஷ்டிரத்தில் ஜல்காவ் பக்கம் பனிக்காலத்தில் கன்றுக்குக் கன்று வெள்ளைத் துணிப்பை சுற்றுகிறார்கள், ஸ்கர்ட்டிங் பை என்று பெயர். காற்று மோதுகிற மேல்வரிசைக்காவது அதை வாங்கிக் கட்டலாம். முதல் புது இலை முழுசாக விரியும்வரை உரம் என்ற பேச்சே வேண்டாம்.

இங்கே எங்கள் துவைக்கிற கல்லுக்குப் பின்னால் ஒரு வாழை நிற்கிறதே, அதற்குக் குளிர் என்றால் என்னவென்றே தெரியாது. ராயபுரத்தில் மார்கழியிலும் போர்வை தேட வேண்டியதில்லை. ஆனால் அதற்கும் இலையோரம் கருகும். காரணம் வேறு, போர் தண்ணீரில் உப்பு. மெட்ரோ தண்ணீரில் நாலு குடம் சேர்ந்தாற்போல் ஊற்றி உப்பைக் கழுவிவிட்டால் தெளியும். உனக்குக் கூடாது என்று சொன்ன அதே வைத்தியம் இங்கே பலிக்கிறது. ஓரம் கருகினதைப் பார்த்த மாத்திரத்தில் மருந்து சொல்கிறவனை நம்பாதே, அது நானாகவே இருந்தாலும்.

இப்போது நீ கேட்காத ஒன்று. நின்ற கன்றெல்லாம் காத்திருக்கத் தக்கதல்ல.

1970-களில் நம் மலையில் விருப்பாச்சி வாழையும் சிறுமலை வாழையும் சரிந்ததை உன் தாத்தா துண்டு துண்டாகச் சொல்லியிருப்பார். முடிக்கொத்து நோய். இலங்கையில் 1913-லேயே காலூன்றி, 1940 வாக்கில் கோட்டயம் பக்கம் இறங்கி, பிறகு நம் வரப்புக்கும் வந்தது. வாழை அசுவினி சுமந்து பரப்புகிற வைரஸ். நோய் கண்ட தூரில் தார் வராது, வந்தாலும் தேறாது. அந்தத் தூரிலிருந்து எடுக்கிற பக்கக் கன்று அத்தனையிலும் கிழங்கு வழியாக நோய் இருக்கும். எங்கள் அப்பாவுக்கு அதைத் தோண்டி எறிய மனசு வரவில்லை. அவருடைய அப்பா வைத்த தூர். "ஒரு மழை விழுந்தா தேறிடும்" என்று சாணமும் சாம்பலுமாகப் போட்டுக் காத்தார். காத்ததோடு விட்டாரா, அதிலிருந்தே கன்று பிரித்துப் பக்கத்துக் காட்டிலும் வைத்தார். சில வருஷத்தில் காப்பியும் கடனும்தான் மிச்சம். உன் தாத்தா மலையிலேயே இருந்துகொண்டார். நான் மெட்ராஸுக்கு ரயில் ஏறி, ஹார்பரில் டாலி கிளார்க்காகச் சேர்ந்து, கல்மண்டபத்தில் குடியேறினேன்.

அதே நோய் ஆஸ்திரேலியாவிலும் 1920-களில் வாழைத் தோட்டங்களைக் காலி பண்ணியது. மகீ என்ற ஆராய்ச்சியாளர் அசுவினிதான் பரப்புகிறது என்று கண்டுபிடித்தபிறகு, தோட்டம் தோட்டமாக ஆள் போய்ப் பார்ப்பதும், நோய்த் தூரைத் தயங்காமல் அழிப்பதும், சுத்தமான கன்றை மட்டும் நடுவதும் அங்கே சட்டமாகவே ஆனது. தொழில் மீண்டது. அவர்களிடம் மருந்து எதுவும் இல்லை. இன்றைக்கும் இல்லை. அவர்கள் செய்ததெல்லாம் சீக்கிரம் பிடுங்கினதுதான்.

இரண்டையும் எப்படிப் பிரிப்பது? குளிரில் நின்ற கன்றும் உச்சியில் இலை நெருங்கித்தான் நிற்கும், அதுதான் குழப்பம். ஒரு இலையை வெயிலுக்கு எதிரே தூக்கிப்பிடித்து அடிப்பக்கத்திலிருந்து பார். காம்பிலும் நடுநரம்பை ஒட்டியும் கரும்பச்சையில் புள்ளியும் கோடுமாக ஓடினால் அது முடிக்கொத்து. மோர்ஸ் கோடு என்றே ஆராய்ச்சிக்காரர்கள் சொல்கிறார்கள். ஹார்பரில் இருந்தவனுக்கு அந்தப் பெயர் சட்டென்று பிடித்துப்போனது. புது இலை ஒவ்வொன்றும் முந்தினதைவிடக் குட்டையாக, ஒடுங்கி, நட்டுக்குத்தலாக வந்தால் சந்தேகமே வேண்டாம். குளிர்க் கன்றில் இந்தக் கோடு இருக்காது.

வாழைக்கு மட்டும் இவ்வளவு எழுதுவேனா? எங்கள் தெருவில் ஒரு பெண், வீட்டிலேயே முதல் பட்டதாரி. பெங்களூரில் வேலை கிடைத்துப் போனாள், சில மாதத்தில் திரும்பி வந்து அறைக்குள் உட்கார்ந்துவிட்டாள். அம்மா அங்காள பரமேஸ்வரிக்கு வேண்டிக்கொண்டாள், மாமா பேங்க் பரீட்சைப் புத்தகம் வாங்கி வந்தார், அத்தை ஒரு ஜாதகத்தோடு வந்தாள். ஆளுக்கொரு குடம் ஊற்றினார்கள். அவள் அம்மாவிடம் நான் சொன்னது ஒன்றுதான்: வேளைக்குச் சோறு போடு, சாயங்காலம் மொட்டைமாடிக்கு அனுப்பு, ஒன்றும் கேட்காதே. வெகுநாள் பிடித்தது. இப்போது மணலிப் பக்கம் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறாள். பழைய கலகலப்பு முழுசாக வந்துவிட்டதா என்றால், இல்லை. வருவதற்குள் இன்னொரு வரனைக் கொண்டுவராமல் இருந்தால் போதும்.

என்னோடு வேலை பார்த்த இன்னொருவர் கதை நேர்மாறு. தண்டல் வாங்கினார். பத்தாயிரம் என்று பேச்சு, பிடித்தம் போகக் கையில் ஒன்பதாயிரம், தினம் 100 வீதம் 100 நாள். கட்ட முடியாதபோது அதை அடைக்க இன்னொரு தண்டல். அவர் வீட்டம்மா சங்கிலியைக் கழற்றிக் கொடுத்து, "இன்னைக்கே மொத்தமா முடிச்சுடு" என்றாள். அவரோ, "போனஸ் வரட்டும், சரியாயிடும்" என்று பொறுமையைப் பெரிய குணமாகப் பேசினார். எங்கள் அப்பா பேசின அதே பேச்சு. கடைசியில் சங்கிலியும் போய், குடியிருந்த போர்ஷனும் போனது. பொறுத்தவன் பூமி ஆள்வான் என்று ஊரெல்லாம் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். எதைப் பொறுத்தவன் என்று யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை.

நாளைக் காலையில் கிழிந்த துணியை இரண்டு நிறத்தில் எடுத்துக்கொண்டு வரிசை வரிசையாகப் போ. நின்ற கன்றுக்குப் பச்சை, கோடு கண்டதற்குச் சிவப்பு. சிவப்பு கட்டினதை உடனே வெட்டாதே. வெட்டின அதிர்ச்சியில் அசுவினி பக்கத்துக் கன்றுக்கு ஓடும். குருத்துக்குள் மண்ணெண்ணெய் விட்டுப் பூச்சியைக் கொன்றபிறகு கிழங்கோடு தோண்டி, துண்டு துண்டாக வெட்டிப் புதை. இரண்டுங்கெட்டானாகத் தெரிகிற கன்றின் இலையைத் தடியன்குடிசை ஆராய்ச்சி நிலையத்துக்கு எடுத்துப் போ. திருச்சி தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தில் வைரஸ் சோதனையே செய்கிறார்கள். விருப்பாச்சிக்கு 2008-ல் புவிசார் குறியீடு வந்துவிட்டது, அந்தப் பழம் சேர்கிற பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு 2019-ல். பழத்துக்குக் கிராக்கி இருக்கிறது, உனக்குத்தான் ஒரு பருவம் தள்ளிப்போகும்.

யூரியா மூட்டையைத் தன் கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொள்ளும்படி உன் தாத்தாவிடம் சொல். சித்திரை மழைக்கு முன்னால் அதைப் பிரித்தாய் என்று கேள்விப்பட்டால் நானே கிளம்பி வருவேன். எழும்பூரில் ராத்திரி பாண்டியன் எக்ஸ்பிரஸ் ஏறினால் விடிவதற்கு முன்பே கொடைரோடு.