இரண்டு இருந்தால் போதுமா?

கல்மண்டபத்தில் வளர்ந்தவர்களுக்குத் துறைமுகம் என்றால் கப்பலைவிட முதலில் நினைவுக்கு வருவது கன்டெய்னர் லாரிதான். அந்த லாரி நகர வேண்டும் என்றால், அதற்கு முன்னால் ஒரு தகவல் நகர வேண்டும். இதை நான் தெரிந்துகொண்டது அக்கா வீட்டுக்காரர் மூலமாக.

மாமா வேலை பார்ப்பது ஒரு சின்ன கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில். இறக்குமதி செய்பவரின் இன்வாய்ஸ், கப்பல் கம்பெனியின் டெலிவரி ஆர்டர், சுங்கத்துறைக்குப் போகும் பில் ஆஃப் என்ட்ரி, லாரிக்காரருக்கான விவரம் என ஒவ்வொன்றும் ஒவ்வொரு கம்ப்யூட்டரில் இருக்கும். இவற்றை ஒன்றோடொன்று பேச வைக்க ஓர் இணைப்பு மென்பொருள் வாங்க முடிவு செய்தார்கள். அது நின்றால் பெட்டி நகராது. டெமரேஜ் ஏறும், லாரிக்கு ஹால்டிங் ஏறும். சின்ன ஆபீஸுக்கு அது பெரிய அடி.

"ஒண்ணு படுத்துடுச்சுன்னா வேலை நிக்கக் கூடாது. அதுக்கு மூணு வழி சொல்றாங்க. படிச்சுப் பார்த்து எது நல்லதுன்னு சொல்லும்மா" என்று கொட்டேஷனை வாட்ஸ்அப்பில் அனுப்பினார் மாமா. பத்திரிகையில் இருப்பவளுக்கு எல்லாம் தெரியும் என்று நம் வீடுகளில் ஒரு நம்பிக்கை!

மூன்று வழிகள் இவைதான். முதலாவது, தினமும் இரவில் நகல் எடுத்து வைப்பது. மலிவு, ஆனால் சர்வர் கெட்டால் எல்லாவற்றையும் மறுபடி ஏற்ற நேரமாகும், அன்றைய வேலையும் போய்விடும். இரண்டாவது, இன்னொரு சர்வர் தயாராகக் காத்திருப்பது. சில நிமிடங்களில் அதற்கு மாறிவிடலாம். மூன்றாவது, இரண்டு சர்வர்களும் எப்போதும் சேர்ந்தே வேலை செய்வது. மூன்றிலும் இதுதான் விலை அதிகம்.

காசு இருந்தால் மூன்றாவதுதானே என்று தோன்றும். படிக்கப் படிக்க, கேள்வியே வேறு என்று புரிந்தது.

2021 பிப்ரவரி 24 அன்று காலை 11.40 மணிக்கு தேசியப் பங்குச்சந்தையில் வர்த்தகம் நின்றது. மாலை 3.45-க்குத்தான் மறுபடி தொடங்கியது. அவர்களிடம் இரண்டு தொலைத்தொடர்பு நிறுவனங்களின் இணைப்புகள் இருந்தன. இரண்டிலும் ஒரே நேரத்தில் சிக்கல். சாலையில் நடந்த தோண்டும் வேலையும் கட்டுமானமும்தான் இணைப்புகள் பழுதானதற்குக் காரணம் என்று பிறகு சொன்னார்கள். கம்பெனிகள் இரண்டாக இருக்கலாம். பள்ளம் தோண்டும் இயந்திரத்துக்கு அது தெரியுமா?

அந்தச் சந்தைக்கு நம் சென்னையிலேயே ஒரு மாற்று மையமும் இருந்தது. ஆனால் அன்று வர்த்தகம் இங்கே மாற்றப்படவில்லை. அடுத்த மாதமே செபி விதியை இறுக்கியது. முக்கியமான சிஸ்டம் நின்றால் 30 நிமிடத்துக்குள் அதைப் பேரிடர் என அறிவிக்க வேண்டும். அறிவித்த 45 நிமிடத்துக்குள் வேலை மறுபடி தொடங்க வேண்டும். 2024 மார்ச் 2 சனிக்கிழமை, சிறப்பு வர்த்தகம் நடத்தி, நடுவில் மாற்று மையத்துக்கு மாறியும் பார்த்தார்கள்.

இன்னொரு கதை மாமாவின் தொழிலுக்கே நெருக்கமானது. 2017 ஜூன் 27 அன்று, கப்பல் நிறுவனமான மெர்ஸ்க்கை நாட்பெட்யா என்ற வைரஸ் தாக்கியது. யார் யார் உள்ளே நுழையலாம் என்ற விவரத்தை வைத்திருந்த சர்வர்கள் 150 வரை இருந்தன. ஒன்றுக்கு ஒன்று நகல். ஆனால் எல்லாம் ஒரே வலையில் இருந்ததால் சேர்ந்தே அழிந்தன. கானாவில் இருந்த ஒன்று மட்டும் பிழைத்தது. காரணம், அப்போது அங்கே கரன்ட் கட்! அதை வைத்துத்தான் மற்றதை மீட்டார்கள். 4,000 சர்வர்களையும் 45,000 கம்ப்யூட்டர்களையும் பத்து நாளில் புதிதாக அமைத்ததாக நிறுவனத்தின் தலைவர் பிறகு சொன்னார்.

இரண்டு கதையிலும் மாற்று ஏற்பாடு இருந்தது. முதலாவது விழும் குழியிலேயே இரண்டாவதும் விழுந்தால், அது இரண்டாவது அல்ல.

இதை மாமாவிடம் சொன்னேன். "அப்ப ஒண்ணை ராயபுரத்துலயும் இன்னொண்ணை எண்ணூர்லயும் வெச்சா சரியா?" என்றார். "மாமா, வர்தா புயல் ஞாபகம் இருக்கா?" என்று கேட்டேன். 2016 டிசம்பர் 12. வடசென்னையில் எந்தத் தெருவுக்கு அன்று கரன்ட் இருந்தது?

கடைசியில் முதலாளியிடம் மாமா கொண்டுபோனது நான்கு கேள்விகள். எவ்வளவு நேரம் நின்றால் தாங்குவோம்? எவ்வளவு தகவல் போனால் தாங்குவோம்? இரண்டாவது சர்வருக்கு வேறு ஊர், வேறு லைன், வேறு பாஸ்வேர்டு உண்டா? மாறு என்று சொல்லப்போவது யார்?

ஐந்தாவதாக ஒன்றை நான் சேர்த்தேன். நடுவில் அறுந்த தகவலை மறுபடி அனுப்பினால், அது இரண்டு முறை பதிவாகுமா? கடையில் ஜிபே 'பெண்டிங்' என்று காட்டும்போது நமக்கு வரும் அதே பயம்தான். ஒவ்வொரு தகவலுக்கும் ஒரு தனி எண் இருந்து, அதே எண் மறுபடி வந்தால் ஒதுக்கிவிடும் ஏற்பாடு இருந்தால் பயமில்லை.

அரை மணி நேரம் நின்றால் தாங்கலாம், ஒரு பில்கூடத் தொலையக் கூடாது என்றார் முதலாளி. அப்படியானால் மூன்றாவது வழி தேவையில்லை. இரண்டாவது போதும் என்று முடிவானது. அனுப்பும் ஒவ்வொரு தகவலும் இரண்டு சர்வரிலும் பதிவான பிறகே வெளியே போகும். காத்திருக்கும் சர்வர் கோயம்புத்தூரில். எந்த வலையிலும் இணைக்காத ஒரு நகல் தனியாக. மிச்சமான பணத்தில், மாதம் ஒரு சனிக்கிழமை முதல் சர்வரை வேண்டுமென்றே நிறுத்திப் பார்க்கும் ஒத்திகை. மாறச் சொல்லும் பொறுப்பு மாமாவுக்கு. அவருக்குக் கொஞ்சம் பயம், நிறையப் பெருமை.

இது கம்பெனிக்காரர்கள் சமாசாரம் என்று நினைக்காதீர்கள். உங்கள் போனில் இருக்கும் கல்யாண போட்டோக்கள் 'கிளவுடிலும் இருக்கு' என்ற நிம்மதி உங்களுக்கு இருக்கலாம். சிங்க் செய்த போட்டோவை போனில் அழித்தால் அங்கேயும் அழியும். இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பென்டிரைவில் நகல் எடுத்து, வேறு வீட்டில் இருக்கும் அம்மாவிடமோ தங்கையிடமோ கொடுத்து வையுங்கள். அது திறக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டுக் கொடுங்கள்.