கடைசி வண்டி

கடந்த ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. விடியற்காலை நான்கரை மணிக்குச் சீத்தா கேம்ப்பில் எங்கள் சந்தின் முனையில் என் தாய்மாமா தம் கருவிப் பையைக் கட்டிக்கொண்டிருந்தார். ஸ்பேனர் செட்டு, ஜாக்கி, கனத்த கயிறு, இரண்டு பலகைத் துண்டுகள். இவற்றோடு ஒரு கடப்பாரையும் மண்வெட்டியும் இருந்தன.

"மம்பட்டி எதுக்கு மாமா?"

"வந்து பாரு மாப்ள."

அன்று நான் அவருடன் புறப்பட்டதற்கு ஒரு காரணம் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையின் பாதைகள் குறித்த என் முனைவர் பட்ட ஆய்வேட்டில், நான்கு சக்கர இயக்க வண்டிகளில் காட்டுத் தடங்களுக்குச் செல்லும் நகரத்து மன்றங்களைப் பற்றி ஓர் இயல் எழுதியிருந்தேன். அவ்வியலைத் திருப்பித் தந்த நெறியாளர், ஓரத்தில் இரண்டே சொற்கள் எழுதியிருந்தார்: 'களம் எங்கே?' முடிவுரை வரை எழுதி முடித்திருந்தேன். ஒரு முறையேனும் அந்த வண்டிகளில் ஏறியதில்லை. என் மாமாவோ பதினைந்து ஆண்டுகளாக அப்படியொரு மன்றத்துக்கு மெக்கானிக்காகப் போய்வருகிறார். வீட்டிலேயே இருந்த களம் எனக்குத் தெரியாமல் போயிற்று.

மாமாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1976 மே 17 அன்று, நெருக்கடி நிலைக் காலத்தில், பாபா அணு ஆராய்ச்சி மையத்தை ஒட்டியிருந்த ஜனதா காலனி இடிக்கப்பட்டது. ஏறத்தாழ 70,000 பேர் அங்கிருந்து அகற்றப்பட்டனர். ஜோக்கின் அற்புதம் அக்காலனியின் போராட்டத்தை முன்னின்று நடத்தியவர் என்பதும், பின்னர் 2000ஆம் ஆண்டு மகசேசே விருது பெற்றார் என்பதும் பலர் அறிந்தவை. எங்கள் வீட்டில் அந்த நாள் வேறு விதமாக நினைவுகூரப்படுகிறது. ஆறு வயதுப் பிள்ளையாக லாரியின் பின்புறம் பாத்திரங்களுக்கு நடுவே உட்கார்ந்து வந்த மாமா, இறங்கியதும் முழங்கால் வரை சேற்றில் புதைந்ததாக ஆச்சி சொல்வாள். அலையாத்திக் காட்டை ஒட்டிய சதுப்பு அது. கட்டட இடிபாட்டையும் குப்பையையும் கொட்டிக் கொட்டித்தான் அங்கே தரை உண்டாயிற்று. இன்று நாங்கள் சீத்தா கேம்ப் என்று நிற்கும் மண் அப்படி மேடாக்கப்பட்டது.

மாமா தொழில் கற்றது குர்லாவில் ஒரு பட்டறையில். ஜீப்புக்கும் இந்நகரத்துக்கும் உள்ள உறவு பழையது. 1949இலேயே மஹிந்திரா நிறுவனத்தார் வில்லிஸ் ஜீப்புகளை மஜ்காவில் பூட்டத் தொடங்கிவிட்டார்கள். இராணுவமும் காவல்துறையும் வனத்துறையும் ஓட்டித் தீர்த்த வண்டிகள் ஏலத்தில் விடப்பட்டு, கடைசியில் இத்தகைய பட்டறைகளுக்கு வந்து சேர்ந்தன. மாமாவின் கைக்கு முதலில் வந்தது பெஜோ டீசல் எஞ்சின் பொருத்திய எம்எம் 540. இன்றைய தாரும் ஜிம்னியும் மின்னணுக் கருவிகள் நிறைந்தவை. ஆனாலும் காட்டுக்குள் ஒன்று நின்றுவிட்டால் அவரைத்தான் அழைக்கிறார்கள்.

பன்வேல் கடந்து கர்ஜத் வட்டாரத்தை அடைந்தபோது நல்ல மழை. பன்னிரண்டு வண்டிகள். பல் மருத்துவர் ஒருவர், மென்பொருள் பொறியாளர்கள் சிலர், வணிகர்கள், ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர். தார்ச்சாலை முடிந்த இடத்தில் எல்லாரும் இறங்கி டயர்களில் காற்றைப் பாதியளவுக்குக் குறைத்தார்கள். காற்றுக் குறைந்தால் டயர் தட்டையாகி மண்ணை அதிகப் பரப்பில் பற்றும். பிறகு நான்கு சக்கரத்துக்கும் ஆற்றல் செல்லும்படி கியரை மாற்றினார்கள். அதிலும் தாழ்வேக நிலை ஒன்றுண்டு. எஞ்சின் வேகமாகச் சுழல, சக்கரம் மெல்ல, ஆனால் மிகுந்த விசையோடு உருளும். செங்குத்தான இறக்கத்தில் பிரேக்கையும் கிளச்சையும் தொடாமல், அந்த நிலையின் முதல் கியரிலேயே எஞ்சின் வண்டியைப் பிடித்து இறக்கும்.

இவ்வளவு இருந்தும் முன்னச்சிலும் பின்னச்சிலும் ஒவ்வொரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் வண்டி நின்றுவிடுகிறது. வளைவுகளில் இரு சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் சுழல வழிசெய்யும் டிஃபரன்ஷியல், தடையில்லாமல் சுழலும் சக்கரத்துக்கே சுழற்சியைக் கொடுக்கும். அந்தரத்துச் சக்கரம் வீணே சுற்ற, மண்ணில் ஊன்றிய சக்கரம் அசையாது. அதைப் பூட்டும் வசதி எல்லா வண்டியிலும் இல்லை. இல்லாதவர்கள் ஆக்சிலேட்டரை மிதிக்கிறார்கள். சக்கரம் மண்ணைத் தோண்டத் தொடங்குகிறது.

"சக்கரம் உருண்டா ஒண்ணுமில்ல மாப்ள. சுத்துனாத்தான் மண்ணு போச்சு" என்றார் மாமா. மண் அரிப்பைப் பற்றி நான் படித்த பல கட்டுரைகளின் சாரம் அதில் இருந்தது. சக்கரம் மேல்மண்ணைக் கிழித்து அடிமண்ணை இறுக்குகிறது. இறுகிய பள்ளத்தில் நீர் இறங்காது, ஓடும். ஒரு பருவமழைக்குள் சக்கரத் தடம் ஓடையாகிவிடும். மன்றங்கள் விரும்பிச் செல்வது மண் மிக இளகியிருக்கும் அதே மழைக்காலத்தில்தான்.

அன்றைய பயணத்தின் சிறப்பு அங்கமாக ஏற்பாட்டாளர்கள் தேர்ந்திருந்தது, தாக்கர் பழங்குடியினர் வாழும் ஒரு வாடிக்கு ஏறும் சரிவு. சரணாலய எல்லைக்கு வெளியே உள்ளது. பாதையின் குறுக்கே இடைவெளிவிட்டுக் கற்கள் பதிக்கப்பட்டிருந்தன. அவற்றை இயற்கையான பாறை முனைகள் என்றே நான் நினைத்தேன். முதல் இரண்டு வண்டிகள் அழகாக ஏறின. மூன்றாவது வழுக்கியது. நான்காவதன் சக்கரங்கள் சுற்றிச் சுற்றி இரண்டு கற்களைப் பெயர்த்துத் தள்ளின. கைதட்டல் எழுந்தது. நானும் கைதட்டினேன். அதை இங்கே மறைப்பது நேர்மையாகாது. பெரிய எஞ்சின் உறுமிச் சேறு தெறிக்க ஒரு வண்டி மேட்டைத் தாண்டும்போது உடலில் ஒரு கிளர்ச்சி எழத்தான் செய்கிறது. என் இயலில் அதைப் பற்றி ஒரு வரியும் இருந்ததில்லை.

ஐந்தாவது வண்டி ஏறிக்கொண்டிருந்தபோது, விறகுச் சுமையோடு ஒரு மூதாட்டி கீழிருந்து வந்தார். பாதையை விட்டு விலகி ஒரு மரத்தடியில் சுமையை இறக்கிவைத்து நின்றார். மழை பெய்துகொண்டே இருந்தது. முக்கால் மணி நேரம் கழித்து மாமாவிடம் மராத்தியில் கேட்டார்: "இன்னும் எத்தனை வண்டி?"

"எங்க வண்டிதான் கடைசி, மாவ்ஷி" என்றார் மாமா.

எங்கள் வண்டியும் ஏறிப்போயிற்று. மாமா அதில் ஏறவில்லை, என்னையும் ஏறவிடவில்லை. பையிலிருந்து கடப்பாரையையும் மண்வெட்டியையும் எடுத்தார். பெயர்ந்து உருண்ட கல் ஒன்றை நெம்பி, பலகைத் துண்டில் ஏற்றி, நாங்கள் இருவரும் இழுத்துவந்தோம். எங்கே வைப்பது என்று மாமா தயங்கியபோது அந்த மூதாட்டி கைகாட்டினார். ஒவ்வொரு கல்லும் எங்கே, எந்தச் சாய்வில் இருந்தது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. மழைநீர் பாதையோடு ஓடாமல் பக்கவாட்டில் வழிந்துபோக, இரண்டு கோடைகளுக்கு முன் வாடி முழுவதும் கூடிப் பதித்த கற்கள் அவை. அதற்கு முந்தைய மழையில் ஒரு கர்ப்பிணியைத் துணித்தூளியில் வைத்து இந்தச் சரிவில் இறக்கும்போது, சுமந்தவர்களில் இருவர் வழுக்கி விழுந்தார்களாம். சாலை வேண்டுமென்று கொடுத்த மனு ஏதோ ஓர் அலுவலகத்தில் கிடக்கிறது என்றார். மன்றத்தார் ஆண்டுதோறும் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகங்கள் கொண்டுவருவதையும் சொன்னார். இரண்டையும் ஒரே குரலில் சொன்னார்.

இரண்டு சிறுவர்கள் வந்து கைகொடுத்தார்கள். ஒன்றரை மணி நேரத்தில் ஒன்பது கற்களைத் திரும்ப நட்டோம். பள்ளங்களில் சரளையை நிரப்பி மாமா மிதித்து இறுக்கினார். இதற்குள் மேலே ஓடையில் ஒரு வண்டி சிக்கியிருந்தது. ஏற்பாட்டாளர் ஒருவர் நடந்தே இறங்கிவந்து, மெக்கானிக் எங்கே தொலைந்தார் என்று சத்தம் போட்டார். மாமா பதில் சொல்லாமல் கையைக் கழுவிக்கொண்டு போனார். வின்ச் கம்பியை மரத்தில் நேராகக் கட்டாமல் அகலமான பட்டையைச் சுற்றிக் கட்டி, கம்பி அறுந்தால் சாட்டையாக வீசாதிருக்க அதன்மேல் ஈரச் சாக்கைப் போட்டு, கால் மணியில் வண்டியை வெளியே எடுத்தார். எல்லாரும் அவர் தோளைத் தட்டிப் பாராட்டினார்கள்.

திரும்பும் வழியில் கேட்டேன்: "இத அவங்ககிட்ட நேரா சொல்லலாமே மாமா?"

"சொன்னா அடுத்த வருசம் வேற மெக்கானிக்கக் கூப்பிடுவானுவ. அவன் மம்பட்டி எடுத்துட்டு வரமாட்டான்."

அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. அந்த ஒருநாள் கூலி அவர் பட்டறையில் மூன்று நாள் வேலைக்குச் சமம் என்பதையும் நான் அறிவேன். நான் எழுதும் இயல் யாருடைய வருமானத்தின்மேல் விழும் என்ற கேள்வி அன்றுதான் எனக்கு முதன்முறையாக எழுந்தது.

நேர் எதிரான ஒரு காட்சியையும் நான் முன்பே கண்டிருந்தேன். தேனி மாவட்டத்தில் உள்ள கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டத்துக்குத் தமிழகப் பக்கமிருந்து வண்டிப் பாதை கிடையாது. குரங்கணியிலிருந்து நடைபாதை உண்டு. வண்டியில் போக வேண்டுமானால் கேரளத்தின் சூரியநெல்லிக்குச் சென்று, அங்கிருந்து ஜீப்பில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கற்களின்மீது குலுங்கிச் செல்ல வேண்டும். சூரிய உதயம் காணப் போகும் பயணிகளுக்கு அந்தக் குலுக்கல் ஒரு சாகசம். தோட்டத் தொழிலாளருக்கு அரிசியும் நோயாளியும் போய்வரும் ஒரே வழி அதுதான். அங்குள்ள ஓட்டுநர்கள் சக்கரத்தைச் சுற்றவிடுவதில்லை. நாளையும் அதே பாதையில் அவர்கள் ஏறியாக வேண்டும்.

மன்றத்தாரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது எளிது. என் பழைய இயல் அதைத்தான் செய்தது. ஆனால் 2018 கேரள வெள்ளத்தில் சாதாரண வண்டிகள் போக முடியாத தெருக்களுக்குள் சென்று மனிதர்களை மீட்டவர்களில் இத்தகைய ஓட்டுநர்களும் இருந்தனர். 2005 ஜூலை 26 அன்று, சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தபோது, பட்டறையில் பழுதுக்கு வந்திருந்த ஒரு பழைய டீசல் ஜீப்பின் ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, நீர் எஞ்சின்மேல் வாரியிறைக்காதபடி செய்து, மாமா இரவு முழுதும் செம்பூரிலிருந்து ஆட்களை ஏற்றிவந்தார். அந்தத் திறமை அவருக்குக் காட்டில் வாய்த்தது.

ஆகவே என் இயலின் கேள்வியை மாற்றிக்கொண்டேன். காட்டுக்குள் வண்டி போகலாமா கூடாதா என்பதல்ல அது. வண்டி ஏறக்கூடிய ஒரு சரிவில் ஏற்றலாமா என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? சரணாலயத்துக்குள் நுழைய 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் அனுமதியைக் கோருகிறது. சாதாராவை அடுத்த காஸ் பீடபூமியின் மழைக்காலப் பூக்களைக் காக்கக் கட்டுப்பாடுகள் வந்தன. அது 2012இல் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் சேர்ந்தது. வாடிக்கு ஏறும் ஒரு நடைபாதைக்கு அப்படிப்பட்ட காவல் ஏதுமில்லை. ஆனால் 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், 3(2) பிரிவின்படி, கிராம சபை பரிந்துரைத்தால் ஒரு ஹெக்டேருக்கு உட்பட்ட வனநிலத்தில் சாலை போன்ற வசதிகளைச் செய்துகொள்ள இடமளிக்கிறது. பாதை வேண்டும் என்று கேட்கும் உரிமை அச்சபைக்கு இருக்குமானால், அதே பாதையில் மழைக்காலத்தில் பன்னிரண்டு வண்டிகள் ஏறலாமா என்று சொல்லும் உரிமையும் அதற்கே உரியது என்பது என் வாதம். சட்டத்தில் இவ்வாறு எழுதப்படவில்லை. அந்தக் கற்களை நட்டவர்கள் அவர்கள் என்பதே இவ்வாதத்தின் அடிப்படை.

இதைப் பொதுவில் எழுதலாமா என்று மாமாவிடம் கேட்டேன். "எம் பேரு போடாத. அந்த ஊரு பேரும் வேண்டாம். சீத்தா கேம்ப்னு போட்டுக்கோ" என்றார். இரண்டு வாரம் கழித்து அவராகவே வந்து உட்கார்ந்தார். "நீ மராத்தியில ஒரு பக்கம் எழுதித் தா. நானே கொண்டுபோய்க் குடுக்கேன்."

எழுதிக் கொடுத்தேன். அதில் மூன்றே கோரிக்கைகள்: ஊரார் நடக்கும் பாதையை மழைக்காலத்தில் தடமாகத் தேர்வதில்லை, எங்கு போனாலும் அந்த ஊரின் கிராம சபையை முன்கூட்டிக் கேட்பது, ஒவ்வொரு பயணத்தின் இறுதியிலும் எல்லாரும் இறங்கி ஒரு மணி நேரம் தடத்தைச் செப்பனிடுவது. மூன்றாவது கோரிக்கை மாமா சொல்லச் சொல்ல எழுதியது. ஏற்பாட்டாளர் படித்துவிட்டு, "பார்க்கலாம்" என்றாராம்.

இப்போது மே மாத இறுதி. வழக்கமாக இந்நேரம் மழைக்காலப் பயணத்துக்கான முதல் அழைப்பு மாமாவுக்கு வந்துவிடும். இவ்வாண்டு இன்னும் வரவில்லை. அவர் அதைப் பற்றிப் பேசுவதில்லை. நானும் கேட்கவில்லை. இயலை நேற்று நெறியாளரிடம் மீண்டும் கொடுத்திருக்கிறேன். கிராம சபைகளோடு பாதைகள் குறித்துப் பணியாற்றிய நண்பர்கள் எவரேனும் இருந்தால், குறிப்பாக ராய்கட் மாவட்டத்தில், எனக்கு எழுதுங்கள். அந்த மூதாட்டியின் மனு எங்கே கிடக்கிறது என்று தேடும் வேலை ஒன்று பாக்கியிருக்கிறது.