குவார்ட்டர்ஸ் மேஜையில் வளைந்த திரை

“அல்ட்ரா வைடு மானிட்டர் வாங்கணும், எது நல்லது?” என்று யார் கேட்டாலும் நான் முதலில் விசாரிப்பது அவர்கள் வீட்டு மேஜையின் ஆழத்தை. பட்ஜெட் அதற்குப் பிறகுதான். கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து தருவதும் பழுது பார்ப்பதும் என் தொழில். நெய்வேலி டவுன்ஷிப்பின் வட்டங்களுக்கும், மந்தாரக்குப்பம், இந்திரா நகர், வடலூர்ப் பக்கமும் வீடு வீடாகப் போகிறேன். பையில் ஸ்க்ரூ டிரைவரோடு ஓர் இன்ச் டேப்பும் இருக்கும். மானிட்டர் தேர்வு செய்யும் வேலையில் பாதி அந்த டேப்பாலேயே முடிந்துவிடுகிறது.

டவுன்ஷிப் வீடுகளில் பிள்ளை படிக்கவென்று வாங்கிப்போட்ட மேஜைதான் பெரும்பாலும் இன்றைக்குக் கம்ப்யூட்டர் மேஜை. ஆழம் இரண்டடி, அதாவது 60 செ.மீ. பின்னால் சுவர், ஒரு பக்கம் ஜன்னல், மறுபக்கம் பீரோவோ கட்டிலோ. 34 இன்ச் வளைந்த மானிட்டரின் அகலம் ஏறத்தாழ 80 செ.மீ. அதன் ஸ்டாண்டு மேஜையின் ஆழத்தில் 20, 25 செ.மீ.யைப் பிடித்துக்கொள்ளும். கீபோர்டு வைத்து உட்கார்ந்தால் கண்ணுக்கும் திரைக்கும் நடுவே 55 செ.மீ. மிஞ்சுவதே கஷ்டம். அவ்வளவு கிட்டத்தில் இந்த அகலத்தை வைத்தால், ஓரத்தில் இருக்கும் கடிகாரத்தைப் பார்க்கவும் கழுத்தைத் திருப்ப வேண்டும். வீட்டிலிருந்தபடியே சென்னை ஐ.டி. கம்பெனிக்கு வேலை பார்க்கும் பிள்ளைக்கு, சாயங்காலத்துக்குள் தோள்பட்டை இறுகிப்போகும். மானிட்டரைத் தாங்கும் ஆர்ம் ஒன்றை மேஜை விளிம்பில் கவ்வவிட்டால் திரை சுவரை ஒட்டிப் பின்னால் போய்விடும். 65, 70 செ.மீ. கிடைக்கும். அந்த ஆர்மின் விலையையும் சேர்த்துத்தான் பட்ஜெட் போடச் சொல்வேன். மானிட்டரின் முதுகில் ஆர்ம் மாட்ட நான்கு திருகு ஓட்டைகள் இருக்கின்றனவா என்று வாங்குவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். மலிவான மாடல்களின் ஸ்டாண்டு பலவற்றில் முன்பின் சாய்க்கத்தான் வழி உண்டு, ஏற்றி இறக்க முடியாது.

கடையில் விலை சொல்வது இன்ச் கணக்கில். அந்த இன்ச் மூலைக்கு மூலை அளந்தது. அகலம் கூடக்கூட அந்த எண் பெரிதாகத் தெரியும். ஆனால் நாம் வாசிப்பதும், எக்செல்லில் வரிகளைப் பார்ப்பதும், கோடு எழுதுவதும் மேலிருந்து கீழாக. 29 இன்ச் அல்ட்ரா வைடின் உயரம் 28.6 செ.மீ.தான், சாதாரண 23 இன்ச் மானிட்டரின் உயரமும் அதுவே. வீட்டில் ஏற்கெனவே 24 இன்ச் வைத்திருப்பவர் 29 வாங்கினால், பெரிய திரை வாங்கியும் உயரத்தில் குறைந்துபோகிறார். 34 இன்ச் ஆனால் உயரம் 33 செ.மீ.க்குச் சற்று மேல், கிட்டத்தட்ட 27 இன்ச் சாதாரண மானிட்டருக்குச் சமம். ஆகவே 34 வாங்குவது என்பது, ஒரு நல்ல 27 இன்ச் மானிட்டருக்கு இரண்டு பக்கமும் பத்து செ.மீ. சேர்த்து வாங்குவது. இந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டுக் காட்டியதும் பலர் 29 இன்ச்சை விட்டுவிடுகிறார்கள். சிலர் அல்ட்ரா வைடையே விட்டுவிட்டு, 40 செ.மீ. உயரம் கொண்ட 32 இன்ச் சாதாரணத் திரைக்குப் போகிறார்கள். அதுவும் சரியான முடிவுதான்.

வளைவைப் பற்றி நிறையப் பேர் அலங்காரம் என்றே நினைக்கிறார்கள். அனல்மின் நிலையக் கட்டுப்பாட்டு அறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு சார், மகனுக்காக வாங்கிய திரையை நான் மாட்டிக்கொண்டிருந்தபோது பின்னால் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: “எங்க கன்ட்ரோல் ரூம்ல பேனல் நேரா இருக்காது தம்பி. நடுவுல ஒருத்தன் உட்கார்ந்தா எல்லா மீட்டரும் அவன் மூஞ்சியப் பார்க்கணும். அதுக்குத்தான் வளைச்சிருப்பாங்க. இதுவும் அதேதானே?” அதேதான். இதைவிடத் தெளிவாக எந்த விளம்பரமும் வளைவை விளக்கி நான் பார்த்ததில்லை.

பெட்டியில் 1500ஆர் என்று போட்டிருந்தால், ஒன்றரை மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் ஒரு துண்டு அந்தத் திரை என்று பொருள். எண் குறையக் குறைய வளைவு கூடும். 65 செ.மீ. தள்ளி உட்கார்ந்து 34 இன்ச் தட்டைத் திரையின் ஓரத்தைப் பார்த்தால், நேர்கோட்டிலிருந்து சுமார் 32 டிகிரி சாய்வாகப் பார்க்கிறோம். அதே திரை 1500ஆர் வளைவு கொண்டதாக இருந்தால் அந்தச் சாய்வு 18 டிகிரியாக இறங்கிவிடும். 24 இன்ச் தட்டைத் திரையின் ஓரத்தை நாம் பார்ப்பதே 22 டிகிரியில்தான். ஆகவே 34 இன்ச்சில் வளைவுக்குக் காசு கொடுக்கலாம். 24, 27 இன்ச் சாதாரணத் திரைகளில் வளைவு கேட்டு வருபவர்களிடம் அந்தப் பணத்தை மிச்சப்படுத்தச் சொல்கிறேன். வீட்டுப் பிளான் வரைகிறவர்கள், ஆட்டோகேடில் நேர்கோடுகளோடு நாள் முழுக்க வாழ்கிறவர்கள் மட்டும் வளைந்த திரையில் சில நாள் வேலை செய்து பார்த்துவிட்டு முடிவு செய்வது நல்லது. பெரும்பாலோருக்குக் கண் பழகிவிடும். சிலருக்குக் கடைசிவரை பழகுவதில்லை.

பட்ஜெட் விலையில் வளைந்த திரை என்றால் உள்ளே இருப்பது பெரும்பாலும் வி.ஏ. பேனல். ஐ.பி.எஸ். பேனலையும் வளைக்கிறார்கள், விலை ஏறிவிடும். வி.ஏ.வைப் பக்கவாட்டில் பார்த்தால் நிறம் வெளுக்கும், அதனால் வளைவு அதற்குக் கட்டாயத் துணை. அதன் பெரிய பலம் கறுப்பு. ஐ.பி.எஸ்.ஸின் கான்ட்ராஸ்ட் பொதுவாக 1000:1, வி.ஏ.வில் 3000:1 அளவில் இருக்கும். பகல் வெளிச்சத்தில் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. ஆனால் இது மூன்று ஷிப்டில் ஓடும் ஊர். இரண்டாம் ஷிப்ட் முடிந்து வந்து, வீடு தூங்கிய பிறகு விளக்கை அணைத்துவிட்டு விளையாடுகிற தம்பிகள் இங்கே நிறைய. இருட்டு அறையில் ஐ.பி.எஸ். திரையின் கறுப்பு சாம்பல் பூத்தாற்போல் தெரியும். வி.ஏ.வில் கறுப்பு கறுப்பாகவே நிற்கும். இரவில் விளையாடுகிறவருக்கு நான் தயங்காமல் வி.ஏ. சொல்வேன்.

அதே வி.ஏ.வின் குறையும் அந்த இருட்டில்தான் வெளிப்படும். அடர்ந்த நிறங்களுக்குள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற அந்தப் பிக்சல்களுக்கு நேரம் பிடிக்கும். குகைக்குள் ஓடும்போது கறுப்பு இழுபட்டு, மை தடவியதுபோல் பின்னால் வரும். கடையிலோ தெரிந்தவர் வீட்டிலோ இதைச் சோதிப்பது சுலபம்: டார்க் மோடில் ஒரு நீளமான பக்கத்தைத் திறந்து வேகமாக உருட்டிப் பாருங்கள். எழுத்துக்குப் பின்னால் நிழல் நீண்டு, அது உங்களை உறுத்தினால், அந்த மாடலை விட்டுவிடலாம். ஓவர் டிரைவ் என்ற அமைப்பை நடுநிலையில் வைத்தால் கொஞ்சம் அடங்கும். உச்சத்தில் வைத்தால் இழுவைக்குப் பதில் வெள்ளை விளிம்பு முளைக்கும். பெட்டியில் பெரிய எழுத்தில் இருக்கும் “1 மில்லி செகண்ட்” இதைப் பற்றி எதுவும் சொல்லாது. பல மாடல்களில் அது பின்விளக்கைச் சிமிட்டவிட்டு அளந்த எண். எச்.டி.ஆர். என்று எழுதியிருப்பதையும் இந்த விலையில் கணக்கில் எடுக்க வேண்டாம். அந்தச் சிக்னலை ஏற்கும் என்பதற்கு மேல் அதில் பெரும்பாலும் ஒன்றுமில்லை.

எழுத்துக் கூர்மைதான் எனக்கு மிக முக்கியம். மலிவான 34 இன்ச் மானிட்டர்களில் இரண்டு வகை உண்டு: 3440×1440, 2560×1080. முதலாவதில் ஓர் இன்ச்சுக்கு 110 பிக்சல், இரண்டாவதில் 82 தான். சாதாரண 24 இன்ச் மானிட்டரிலேயே 92 இருக்கிறது. ஆங்கில எழுத்தை 82-இல் வாசித்துவிடலாம். தமிழ் அதில் சிரமப்படும். ஒரு தமிழ் நாளிதழைத் திறந்து, சிறிய எழுத்தில் ண, ன, ணை, னை வரும் இடங்களைப் பாருங்கள். சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டி, மெய்யெழுத்தின் புள்ளி கீழே இருக்கும் கோட்டோடு கலந்துவிடும். சங்கக் கணக்கு, சீட்டுக் கணக்கு என்று தமிழில் டைப் செய்பவர்கள் வீட்டில் இருந்தால் 34 இன்ச்சில் 2560×1080 வேண்டவே வேண்டாம். விலை குறைவு என்று யார் காட்டினாலும் அசையாதீர்கள். அந்த ரெசல்யூஷன்தான் பட்ஜெட்டுக்குள் வரும் என்றால் 29 இன்ச்சிலேயே நின்றுகொள்வது மேல். அங்கே 96 பிக்சல் கிடைக்கும். உயரக் குறைவைத் தெரிந்தே ஏற்றுக்கொள்ள வேண்டும்.

கூடுதல் பிக்சலுக்கு கிராபிக்ஸ் கார்டு உழைக்க வேண்டும். 1920×1080 திரையில் ஏறத்தாழ 20.7 லட்சம் பிக்சல். 3440×1440-இல் 49.5 லட்சம், கிட்டத்தட்ட 2.4 மடங்கு. ஜி.டி.எக்ஸ். 1650 போட்ட பழைய சிஸ்டத்தோடு இந்தத் திரையைச் சேர்த்தால் வேலைக்கு ஒரு குறையும் இருக்காது. புதிய கேம்கள் தள்ளாடும். எச்.டி.எம்.ஐ. 2.0 வழியே இந்த ரெசல்யூஷனில் வழக்கமாக 100 ஹெர்ட்ஸ் வரைதான் வரும், 144க்கு டிஸ்ப்ளே போர்ட் வேண்டும். நல்ல மானிட்டரை வாங்கி, விண்டோஸ் செட்டிங்கில் 60 ஹெர்ட்ஸிலேயே மாதக்கணக்கில் ஓட்டிக்கொண்டிருக்கும் வீடுகளை இன்னும் பார்க்கிறேன். அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே பக்கத்தில் ஒரே ஒரு தேர்வை மாற்றினால் போதும்.

எந்த கேம் என்பதைக் கேட்காமல் நான் மாடல் பெயர் சொல்வதில்லை. ஃபோர்ஸா ஹொரைஸன், ஜி.டி.ஏ. 5, கவுன்டர் ஸ்டிரைக் 2 இந்த அகலத்தை நிறைத்து ஓடும். கார் ஓட்டும் கேமில் பக்கத்துச் சாலையும் மரமும் கண்ணோரத்தில் வந்து போகும்போது கிடைக்கும் அனுபவத்தைச் சாதாரணத் திரையால் தர முடியாது. வேலரண்ட் ஆடினால் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டைதான். எல்டன் ரிங்கும் அப்படியே. பி.எஸ். 5 இந்த அகலத்தைத் தருவதே இல்லை. வேலரண்ட் மட்டுமே ஆடும் பிள்ளைக்கு அப்பா இந்தத் திரை வாங்கித் தர நினைத்தால், நான் அவரிடம் பணத்தை மிச்சம் பிடிக்கச் சொல்லிவிடுவேன். வேகமான 24 இன்ச் ஒன்று அவனுக்குப் போதும். எனக்கு அதில் லாபம் குறைவு. ஆனால் அடுத்த வருடமும் அந்த வீட்டுக்கு நான் போக வேண்டும்.

வேலைக்கு இதன் பயனைச் சொல்ல எக்செல் ஒன்றே போதும். சாதாரண அகலத்தில் ஒரு நெடுவரிசை 64 பிக்சல். 1920 அகலத்தில் ஏறத்தாழ 30 நெடுவரிசை தெரியும், 3440-இல் 53. பெயர், பணியாளர் எண், பன்னிரண்டு மாதம், பிடித்தம், நிலுவை எல்லாம் ஒரே பார்வையில் விரிந்துவிடும். பக்கத்திலேயே பழைய வருடத்து ஷீட்டையும் திறந்து வைக்கலாம். மீட்டிங்கில் மட்டும் ஒரு கவனம் தேவை. முழுத் திரையையும் பகிர்ந்தால் எதிரில் லேப்டாப்பில் பார்ப்பவருக்கு அது மெல்லிய பட்டையாகத்தான் தெரியும், எழுத்து எறும்பளவாகிவிடும். குறிப்பிட்ட விண்டோவை மட்டும் பகிர வேண்டும்.

இப்போது விலை. அல்ட்ரா வைடு திரைகள் 2012 வாக்கில் வந்தபோது நம் பக்கத்து வீடுகளுக்கு எட்டாதவையாக இருந்தன. நிலைமை மாறியதற்கு 2019 ஜனவரியும் ஒரு காரணம்: அதுவரை திரையைத் தன் கார்டோடு ஒத்திசைக்கத் தனிச் சில்லு போட்ட விலையுயர்ந்த மானிட்டரைத்தான் கேட்டுக்கொண்டிருந்த என்விடியா, அப்போதுதான் அந்தச் சில்லு இல்லாத ஃப்ரீசிங்க் மானிட்டர்களையும் ஏற்க ஆரம்பித்தது. இன்னொன்று வரி. 32 இன்ச் வரைக்கும் 18 சதவீத ஜி.எஸ்.டி., அதற்கு மேல் 28 சதவீதம் என்று நீண்ட நாள் இருந்தது. 29-க்கும் 34-க்கும் நடுவில் இருந்த விலைப் பள்ளத்தில் ஒரு பகுதி இந்த வரி. 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய மானிட்டர்களுக்கும் 18 சதவீதம்தான். வரிக்கு முன் 25,000 ரூபாய் இருந்த திரை 32,000-க்குப் பதில் 29,500-க்கு வரும். ஒரு நல்ல ஆர்மின் விலை அதிலேயே கிடைத்துவிடுகிறது. பழைய ஸ்டாக், பழைய விலை என்று யாராவது சொன்னால் பில்லில் வரி விகிதத்தைப் பார்த்து வாங்குங்கள்.

ஆன்லைனில் வாங்கினாலும் பாண்டியில் போய் வாங்கினாலும், வாரண்டி சர்வீஸ் நம் பின்கோடுக்கு வீட்டுக்கே வருமா என்பதை முன்பே கேட்டுவிடுங்கள். 34 இன்ச் வளைந்த பேனலைப் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போக முடியாது. வந்த அன்றே முழுத் திரையில் கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என ஒவ்வொன்றாக வைத்துச் செத்த பிக்சல் தேடுங்கள். இரவில் விளக்கணைத்து மூலைகளில் வெளிச்சம் கசிகிறதா என்று பாருங்கள். திருப்பிக் கொடுக்கும் நாட்கள் ஓடிப்போகும் முன் இது முடிந்துவிட வேண்டும்.

சுவரில் ஓட்டை போட்டு மாட்ட வேண்டாம். குவார்ட்டர்ஸ் ஒரு நாள் ஒப்படைக்க வேண்டிய வீடு; மேஜையைக் கவ்வும் ஆர்ம் போதும். பெட்டியையும் தெர்மாகோலையும் பரண் மேல் வைத்துக்கொள்ளுங்கள். அப்பா ரிட்டையர் ஆகி வடலூரிலோ பண்ருட்டியிலோ சொந்த வீட்டுக்குக் குடிபோகும்போது, பீரோவோடும் கட்டிலோடும் டெம்போவில் போகப்போகிற அந்தத் திரை உடையாமல் போய்ச் சேர அந்தப் பெட்டி வேண்டும்.