லண்டன் ரயிலில் ஓர் ஆசனம்

லண்டனில் பூமிக்கடியில் ஓடும் ரயிலில் காலைவேளையில் ஏறினால், தோளோடு தோள் உரச நிற்கும் ஜனங்கள் ஒரு வார்த்தையும் பேசாதிருப்பதைக் காணலாம். அந்நியரிடம் எதையேனும் கேட்க வேண்டுமானால், முதலில் ‘எக்ஸ்க்யூஸ் மி’ என்று மன்னிப்புக் கோரியாக வேண்டும்.

நாம் ‘நகருங்கள்’ என்றால், ‘ங்கள்’ என்ற விகுதியிலேயே மரியாதை அடங்கிவிடுகிறது. ஆங்கில வினைச்சொல்லுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. ‘மூவ், ப்ளீஸ்’ என்பது அங்கே கட்டளையாகவே ஒலிக்கும். ‘குட் யூ மூவ், ப்ளீஸ்?’ என்று வினாவாக்கினால்தான் காது குளிரும். ‘வுட் யூ மைண்ட்?’ என்பதோ இன்னும் வேடிக்கை. ‘தங்களுக்கு ஆட்சேபமுண்டா?’ என்பது அதன் பொருளாகையால், ‘நோ’ என்று பதில் வந்தால் நாம் மனமுடைய வேண்டியதில்லை; அதுதான் சம்மதம்!

இத்தனை வாசகங்கள் இருந்தும், உட்கார இடம் கேட்க அந்நாட்டாருக்கே நா எழுவதில்லை. பார்வைக்குத் திடமாயிருந்து உள்ளே நோயால் வருந்துகிறவர் பாடுதான் பரிதாபம். ஆகவே லண்டன் போக்குவரத்து நிர்வாகம் கர்ப்பிணிகளுக்கு 2005-லும், வெளியே தெரியாத பிணியுடையோருக்கு 2017-லும் பேட்ஜ் வழங்கத் தொடங்கியது. ‘ப்ளீஸ் ஆஃபர் மி எ ஸீட்’ என்று அந்த நீல பேட்ஜே அவருக்காகக் கேட்கிறது. எதிரே அமர்ந்திருப்பவர் கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்க வேண்டுமே!